ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்த அரங்கசாமி

அரங்கசாமியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "அந்த ஸ்பீக்கரைக் கட்டிப்பிடிச்ச ஆளுதானுங்களே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம், கட்டிப்பிடித்தார். ஏன் கட்டிப்பிடித்தார் என்று கேட்க ஒரு நாதி கிடையாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஊர் காரமடை. வேலை பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில். பிரஸ் என்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் இல்லை. இரும்புத் தகட்டை வைத்து மிதித்தால் மேலிருந்து டங்கென்று இறங்கி வெட்டுகிற மிஷின். அப்படி ஏழெட்டு மிஷின்கள் ஒரே தகரக் கொட்டகைக்குள் ஓடும். மீசை முளைத்ததிலிருந்து அதற்குள்ளேயே நின்றவர். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் "மணி என்னங்க?" என்று கேட்டாலே டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவு சத்தமாகத்தான் பேச வரும்.

அந்த மனிதருக்கு இங்கிலீஷ் ராக் பாட்டுப் பைத்தியம் பிடித்த கதை வேடிக்கையானது. காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் அம்மன் பாட்டுப் பதிந்து தரச் சொல்லி கேசட் கொடுத்திருக்கிறார். கடைப் பையன் யாருக்கோ பதிந்ததை மாற்றி இவர் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டான். மேலே பக்திப் பாடல்கள் என்று எழுதியிருக்கிறது, உள்ளே டிரம்ஸும் கிட்டாரும் போட்டு உலுக்குகின்றன. வேறு யாராக இருந்தாலும் கடையில் போய்ச் சண்டை போட்டிருப்பார்கள். இவர் போய், "இதே மாதிரி இன்னொண்ணு இருந்தாக் குடுங்க" என்று நின்றார். கேசட் பொறுக்கிக்கொண்டு நானும் அங்கேதான் இருந்தேன்.

"எங்க ஷாப்பே பாடற மாதிரி இருந்துதுங்க தம்பி. மத்த பாட்டெல்லாம் அங்கொண்ணும் இங்கொண்ணுமா காதுல விழும். இதுதான் முழுசா விழுந்துது" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது.

நான் உமர் பாரூக். ஒப்பணக்காரத் தெருவில் அத்தாவின் செருப்புக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சாச்சா மகன் சஹீர், எனக்குத் தம்பி முறை, காலேஜில் படித்தான். பாட்டுக் கேட்டால் இல்லாத கிட்டாரை வாசிக்க ஆரம்பித்துவிடுவான். நாலாவது ஆள் கோவிந்தராஜுலு. பீளமேட்டில் அவன் குடும்பத்துக்கு மோட்டார் கம்பெனி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பீளமேட்டுப் பேக்கரி ஒன்றில் நாலு பேரும் கூடுவோம். அரங்கசாமி எங்களைவிட மூத்தவர், ஆனாலும் எங்களை வாங்க போங்க என்றுதான் சொல்வார். நான் எப்போதும் அவருக்கு வலது பக்கம் உட்காருவேன். காரணம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

காது டாக்டரிடம் அவரைக் கூட்டிப் போனவன் நான். இடது காது முடிந்துவிட்டது, வலதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, அந்த மிஷினை விட்டு வெளியே வந்தால் மிச்சமிருப்பது நிற்கும் என்றார் டாக்டர். அதை நான் அவர் காதில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நர்ஸெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னைக்குப் போவுமுங்க?" என்று கேட்டார் அரங்கசாமி.

தேதியெல்லாம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக என்பது அரங்கசாமியின் மண்டையில் ஏறவே இல்லை. அவருக்குப் பிரஸ் இறங்கினால் இறங்கியதுதான், பாதியில் நிற்கிற பேச்சே கிடையாது. காதும் அப்படித்தான் ஒருநாள் டங்கென்று போய்விடும் என்று முடிவு கட்டிக்கொண்டார். முதலாளி நல்லவர், பேக்கிங் பக்கம் மாற்றிக்கொள்ளச் சொன்னார். "பொட்டிக்குக் கயிறு கட்டறதுக்கா இத்தன வருஷம் நின்னேன்?" என்று இவர் வீறாப்பாக மறுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். 'பிளாக் ஃபர்னஸ்' என்று ஒரு பெங்களூர் ராக் கோஷ்டி. அவர்கள் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கோயமுத்தூரில் ஒரு கிளப்பில் வந்து வாசிக்கப் போகிறார்கள் என்று கோவிந்தராஜுலு சேதி கொண்டுவந்தான். அவன் அப்பா அந்தக் கிளப்பில் மெம்பர். எங்கள் எல்லோரையும் உள்ளே கூட்டிப் போவது அவன் பொறுப்பு.

அன்றிலிருந்து அரங்கசாமி ஓர் இடத்தில் உட்காரவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். தினமும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் போன். "பெங்களூர்ல மழையாமுங்க, வந்துருவாங்களா?" "லாரி ஸ்ட்ரைக்காமே, சாமானமெல்லாம் எப்படிங்க வரும்?" அத்தா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இந்தாளுக்குப் போன் எதுக்குப்பா? காரமடைல நின்னு கத்துனாலே இங்க கேக்குமே!" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், அவர் காதை நினைத்தால் சிரிப்பு நின்றும் போகும்.

கடைசியில் கடைக்கே வந்துவிட்டார். "ஒருக்கா நேருல கேட்டுப்போட்டேன்னா போதுமுங்க தம்பி. அது வரைக்கும் காது நிக்கோணும். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லீங்க. எந்திரிச்சு எந்திரிச்சுக் கடியாரத்தக் காதோட வெச்சுச் சத்தம் கேக்குதான்னு பாத்துட்டிருக்கறேன்" என்றார். கிளப்பில் ஷூ போடாமல் விடமாட்டார்கள் என்பதால் கடையிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அத்தாவுக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் கிளப்புக்குப் போனால், அட கெரகமே! ராக் கச்சேரிக்கா வந்தோம், நிச்சயதார்த்தத்துக்கா வந்தோம்? வெள்ளை உறை போட்ட நாற்காலிகள். வாசலில் பன்னீர் தெளிக்கிறார்கள். மேடையில் குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை வாசித்து, முடி தோள் வரை தொங்குகிற பெங்களூர்ப் பையன்களுக்கு ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். டிரம்ஸ்காரன் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு வாசித்தான். சேர்ந்து உட்கார இடமில்லை. கோவிந்தராஜுலு அப்பாவோடு முன் வரிசை, அரங்கசாமி அவனுக்குப் பின்னால் ஓரமாக, நானும் சஹீரும் கடைசி.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் நாற்காலி அதிர்ந்தது. நான் அரங்கசாமியைத்தான் எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடி, வாயைத் திறந்து, கும்பாபிஷேகத் தண்ணீர் மேலே விழுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கும்போது, பாடுகிறவன் மைக்கைப் பிடித்து, "சத்தம் ரொம்ப அதிகமா இருக்கா?" என்று இங்கிலீஷில் கத்தினான். எந்த ஊராக இருந்தாலும் "இல்லை, இன்னும்! இன்னும்!" என்று கூட்டம் ஊளையிடும். அதற்காகத்தான் அவனும் கேட்டான். நம் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? கோவிந்தராஜுலு எழுந்து நின்றான். கை இரண்டையும் கூப்பினான். "ஆமாங்க சார். தப்பா நெனச்சுக்காதீங்க, கொஞ்சம் கொறச்சா நல்லா இருக்கும். பெரியவங்க இருக்கறாங்க" என்று இங்கிலீஷில் அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். முன் வரிசை மொத்தமும் தலையாட்டிக் கை தட்டியது. அரங்கசாமி மட்டும் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

பாடுகிறவன் பேந்தப் பேந்த விழித்தான். கேட்டது அவன்தானே, பதிலும் வந்துவிட்டதே. சவுண்டு மிக்ஸர்காரனைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கினான். சத்தம் பாதிக்கும் கீழே போனது. பாட்டு தொடர்ந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அரங்கசாமி எழுந்தார். வலது காதை உள்ளங்கையால் தட்டினார். மறுபடி தட்டினார். என் கடை ஷூ சறுக்கச் சறுக்க மேடைப் பக்கம் ஓடி, ஆளுயர ஸ்பீக்கரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அதில் காதை அப்பிக்கொண்டார். கிளப் பணியாள் ஒருவர் வந்து, "சார், தயவுசெஞ்சு சேர்ல உக்காருங்க சார்" என்று கெஞ்சிப் பார்த்தார். இவர் அசையவில்லை. ஜனம் கச்சேரியை விட்டுவிட்டு இவரைப் பார்த்தது. கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே வெளியே நடந்துவிட்டார். நான் கூட்டத்தைத் தாண்டி வாசலுக்கு வருவதற்குள் ஆளைக் காணோம்.

மறுநாள் பேக்கரியில் மூன்று பேர்தான் முதலில் கூடினோம். சஹீர் பன்னைப் பிய்க்காமல் காற்றில் கிட்டார் வாசித்துக்கொண்டே, "அந்த லீடு கிட்டார்க்காரன் வெரலப் பாத்தியாண்ணே! அது வெரலா, இல்ல வேற என்னதுண்ணே? எனக்கு இன்னும் காதுல ஙொய்ங்குன்னு கேக்குது!" என்றான். எனக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"சத்தத்தக் கொறச்ச பொறகுதான் நல்லா இருந்துது. ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுதல்ல?" என்றான் கோவிந்தராஜுலு.

"வார்த்தை புரியோணும்னா நீ உபன்யாசத்துக்குப் போயிருக்கோணும்" என்றேன் நான். "அவன் கெத்துக்குக் கேட்டான்டா. அதுக்குக் கைகூப்பிப் பதில் சொன்ன ஒரே ஆளு இந்த ஒலகத்துலயே நீதான்."

"கேட்டா பதில் சொல்லோணுமல்லப்பா?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டான். "அத விடு. அரங்கசாமிண்ணா பண்ணுனதுக்கு எங்கப்பா என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. குடிச்சுப்போட்டு வந்தாரான்னு கேக்கறாங்க. மானமே போச்சு."

அந்த நேரத்தில் அரங்கசாமி வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. ஒரு கையில் ஷூ டப்பா, இன்னொரு கையில் மஞ்சப்பை. ஷூவைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அதை என்னிடம் கொடுத்துவிட்டு, மஞ்சப்பையை மேஜையில் கவிழ்த்தார். அத்தனையும் கேசட். அவருடைய உசுரு.

"ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குங்க தம்பி."

"என்னங்ணா, கோவமா? எங்கப்பா பேசுனது காதுல விழுந்துதுங்களா?" என்று கோவிந்தராஜுலு பதறினான். ஆனால் கை சும்மா இருக்குமா? மேலே பக்திப் பாடல்கள் என்று எழுதிய அந்த முதல் கேசட்டை எடுத்துக்கொண்டான். அது வேண்டுமென்று அவன் கேட்காத வாரம் கிடையாது.

"கோவமில்லீங்க. எனக்கு இனி எதுக்குங்க?" என்றார் அரங்கசாமி. வழக்கம்போல் பேக்கரி முழுக்கக் கேட்டது. "டாக்டர் சொன்னாருங்க. இந்தத் தம்பிக்குத் தெரியும். ரெண்டு பாட்டு கேட்டனுங்க. மூணாவது பாட்டு நல்லாத்தான் ஆரம்பிச்சுது. அப்படியே போயிருச்சுங்க. கெணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி ஆயிப்போச்சு. ஸ்பீக்கர்ல காத வெச்சுப் பாத்தேன், அப்பவும் அந்த அதிர்வு வருலீங்க. இப்பப் பாத்தா உள்ளார ரைஸ்மில் ஓடறாப்புல ஒரே எரைச்சல். சரி, வந்த வரைக்கும் லாபம்னு நெனச்சுக்கிட்டேன்." சொல்லிக்கொண்டே அவர் அழுதார்.

யா அல்லா, இந்த மனுஷன் ராத்திரி முழுக்க இதை நம்பிக்கொண்டா கிடந்தார்! அவர் தலையைப் பிடித்து இழுத்து வலது காதில் கத்தினேன்.

"அண்ணா! காது போகலீங்ணா! சத்தத்தைத்தான் கொறச்சாங்க!"

"ஆருங்க கொறச்சா?"

நானும் சஹீரும் கோவிந்தராஜுலுவைப் பார்த்தோம். அவன் எழுந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. "நாந்தானுங்ணா கொறைக்கச் சொன்னேன். பாடறவரு கேட்டாரு. பெரியவங்க இருந்தாங்க. எனக்குத் தெரியாதுங்ணா, உங்களுக்கு இப்படின்னு" என்று திக்கித் திக்கிச் சொன்னான்.

"நெசமாலுமா?"

"எங்கப்பன் மேல சத்தியமாங்ணா."

"அப்ப இந்த ரைஸ்மில்லு?"

"எனக்குந்தாண்ணே ஓடுது!" என்று கத்தினான் சஹீர். "பாரூக்கண்ணனுக்கும் ஓடுது. கச்சேரிக்குப் போன எல்லாத்துக்கும் ஓடுது!"

அரங்கசாமி எங்களை மாறி மாறிப் பார்த்தார். கோவிந்தராஜுலுவை அறையத்தான் போகிறார் என்று நினைத்தேன். எனக்கே அறைய வேண்டும் போலிருந்தது. ஆசைப்பட்டுப் போன கச்சேரியைக் கெடுத்தவன் அல்லவா? அவர் இரண்டு எட்டு வைத்துப் போய் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்கதான் கொறச்சீங்களா? நல்லா இருப்பீங்க தம்பி. நல்லா இருப்பீங்க சாமி. நீங்க மகராசனா இருக்கோணும்."

கோவிந்தராஜுலுவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கையை விடுவித்துக்கொள்ளவும் தெரியாமல் பொலபொலவென்று அழுதான்.

அரங்கசாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேசட்டுகளை அவசர அவசரமாக மஞ்சப்பைக்குள் அள்ளினார். சஹீர் பாக்கெட்டில் போட்டதையும் கை நீட்டி வாங்கினார். "நாளைக்கே பேக்கிங்குக்குப் போயர்றனுங்க. கயிறென்ன, என்ன கட்டச் சொன்னாலும் கட்டறேன்" என்றார். சொன்னபடியே போனார். அந்த மிஷின் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கோவிந்தராஜுலு தன் கையிலிருந்த பக்திப் பாடல்கள் கேசட்டை மட்டும் திருப்பித் தராமல் கல்லாவுக்குப் போனான். பேக்கரி நடத்துகிற மலையாளிச் சேட்டனிடம் கெஞ்சி, ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை நிறுத்தி அதைப் போடச் சொன்னான். டிரம்ஸ் இடித்தது. பப்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் காதைப் பொத்திக்கொண்டது. அலமாரி மேலிருந்த பெட்டி ஸ்பீக்கருக்குக் கீழே போய் அரங்கசாமி வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"சத்தம் ரொம்பக் கூடுதலா இருக்கோ?" என்று சேட்டன் கல்லாவிலிருந்து கேட்டார்.

கோவிந்தராஜுலு இரண்டு கையையும் கூப்பினான்.

"பத்தாதுங்க சேட்டா. தப்பா நெனச்சுக்காதீங்க, இன்னுங் கொஞ்சம் கூட்டி வைங்க."