ரக்பி உடுப்போடு ஒரு பிரசவம்

அணியினரின் வான் முற்றத்தில் நின்று ஹோர்ன் அடித்தபோது, என் கை முழங்கை வரை பசுவுக்குள் இருந்தது.

சுவிஸின் நொஷாட்டல் நகருக்கு மேலே, மலைச்சரிவில் உள்ள பால் பண்ணை அது. கிழமை நாட்களில் நான் அங்கே வேலையாள். சனிக்கிழமைகளில் ஊர் ரக்பி அணியின் ஸ்கிரம்மில், இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் அந்த இடத்தில், முன்வரிசை ஆட்டக்காரன். எங்கள் தமிழ் ஆட்களில் அந்த அணியில் முதலில் சேர்ந்தவன் நான்தான். என்னைப் பார்த்து, சமையலறை வேலை செய்த சிவாவும் சேர்ந்தான்.

முதலாளி இடுப்புச் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் இருந்தார். பிள்ளைகள் இல்லாத மனிதர். பண்ணையை எனக்குக் குத்தகைக்குத் தருவதா, விற்பதா என்று முடிவெடுக்காமல், முதல் தடவையாக மாடுகளை என் பொறுப்பில் விட்டிருந்தார். தலைக்கன்று போடும் இந்தப் பசு அவருடைய செல்லம். கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன, தலை நகரவில்லை. மிருக வைத்தியர் தூரத்தில் இன்னொரு பண்ணையில் நின்றார்.

சிவா எட்டிப் பார்த்தான். "அண்ணை, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ."

"நீங்கள் இல்லாட்டி ஸ்கிரம்மில என்னை நசிச்சுச் சம்பலாக்கிப்போடுவாங்கள்."

அணித்தலைவன் லூக் நேரே உள்ளே வந்தான். கன்றின் காலில் நான் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள்.

"ஒரே இழுவை, முடிஞ்சுது!" என்றான் சிவா.

"விடுங்கோ கயித்தை! தாய் கிழிஞ்சு போகும். ரெண்டு பேர் காணும். அவள் முக்கேக்க இழுங்கோ, அவள் நிப்பாட்டினா நிப்பாட்டுங்கோ."

அதையே பிரெஞ்சிலும் கத்தினேன். லூக் முகம் சுளித்தான். "இங்கே தலைவன் நான்தானே?"

"மைதானத்தில்."

லூக்கும் சிவாவும் மட்டும் கயிற்றில் நின்றார்கள். என் குரல் கேட்டபோது இழுத்தார்கள், கேட்காதபோது அசையவில்லை. தலை வந்தது, பிறகு தோள், பிறகு முழுக் கன்றும் சிவாவின் மடியில் விழுந்தது. மூச்சு இல்லை. வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தேன். ஒரு துரும்பை மூக்கில் விட்டேன். கன்று தும்மியது.

"அண்ணை, இந்த சீசனில எங்கட முதல் ட்ரை!" என்றான் சிவா, கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தவன் போல.

வைத்தியர் வந்து பசுவைப் பார்த்த பிறகே புறப்பட்டோம். எங்களுக்காகக் காத்திருந்த எதிரணியினர், எங்கள் மேல் வீசிய தொழுவ வாடைக்கு ஸ்கிரம்மில் மூக்கைச் சுளித்தார்கள். ஆனாலும் அவர்களே வென்றார்கள்.

இழுக்கும் பலம் உள்ளவர்கள் எந்தத் தொழிலிலும் கிடைப்பார்கள். அவர்களை நிறுத்திவைக்கும் துணிவு, பொறுப்பை ஏற்றவனுக்கு வேண்டும். அன்று அது எனக்கு இருந்தது.

மாலையில் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். கன்று பால் குடிக்கிறது என்றேன். பக்கத்தில் இருந்த தாதி, யார் என்று கேட்பது காதில் விழுந்தது.

"என் பண்ணையை எடுத்து நடத்தப்போகிறவர்," என்றார்.