ரொட்டியில் பீர் காய்ச்சுகிறவன்

ரொட்டியைக் கையில் வாங்கினதும் முதலில் காதருகே கொண்டுபோய் அழுத்துவான். மேலோடு நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டுமாம். சத்தம் சரியாக இருந்தால்தான் மூக்கு, அதற்கப்புறம்தான் வாய். பேக்கரிக்காரன் தலையில் அடித்துக்கொள்வான். "சீக்கிரம் வாங்கிட்டு நகரு ராசா. ரொட்டி என்ன ஜோசியமா சொல்லுது?" என்பான். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். இவன் காதில் ஏறாது. அங்கேதான் ரொட்டி இருக்கிறதே.

என் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். வயது நாற்பத்து மூன்று, தனிக்கட்டை. தெருவில் எல்லோருக்கும் பீர்க்காரன், எனக்கு மாடிக்காரன். நெட்டையான ஆள், படி இறங்கும்போது தலை முதலில் வரும், உடம்பு அப்புறம் வரும். சட்டைப் பையில் எந்நேரமும் நாலு பார்லி மணி கிடக்கும். பேசிக்கொண்டே ஒன்றை எடுத்துக் கடிப்பான். கிளிக்கு அண்ணன் மாதிரி இருப்பான்.

பதினொரு வருஷம் ஒரு பெரிய பீர் கம்பெனியில் வேலை பார்த்தவன். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "மீட்டர்ல முள்ளு பச்சைக் கோட்டுல நிக்குதான்னு பார்க்கணும்மா. நின்னா சும்மா இருக்கணும். பதினொரு வருஷத்துல ஒரு நாளும் அந்த பீரை நான் மோந்து பார்க்க வேண்டிய அவசியமே வரல" என்றான். போன வருஷம் வேலையை விட்டுவிட்டான். சொந்தமாகக் காய்ச்ச உரிமம் வாங்கி, அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டினான். ஒரு வருஷம் பார்ப்பது, யாராவது ஒரு கடைக்காரர் தன் பாட்டிலை வைத்துக்கொண்டால் தொடர்வது, இல்லையென்றால் மாமா டயர் கடையில் போய் உட்காருவது என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்த அக்கா வாரம் தவறாமல் போன் செய்வாள். முதல் பாதி டயர் கடை, மறுபாதி பெண் பார்க்கிற கதை. இவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சட்டி கழுவிக்கொண்டே, "ம்... சரிக்கா... பார்க்கலாம்க்கா" என்பான்.

சட்டி கழுவுவதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒண்டிக்கட்டை ஆண்பிள்ளை வீடு என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவனுக்கு முன்னால் மாடியில் குடியிருந்தவன் காலி செய்த பிறகு நாலு நாள் தேய்த்தேன். இவன் வீட்டில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஒரு கரண்டியைத் தொட்டால் தொட்ட கையோடு கழுவி, துடைத்து, அதன் ஆணியில் மாட்டிவிடுவான். பீருக்கு அழுக்கு எமன் என்பான். சுத்தம் சோறு போடும் என்பார்கள். இவனுக்கு அது என்ன போட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

வாரத்தில் மூன்று நாள் வெளியில் சாப்பிடுவான். தூரமாகப் போக மாட்டான், நடந்து போகிற தூரத்தில் இருக்கிற சின்னக் கடைகள்தான். தனியாகப் போய் உட்கார்ந்து, வந்ததை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவான். எனக்குப் படிக்க வராது. அவனே படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவான். "முனைக்கடை சூப். முதல் ரெண்டு கரண்டி உப்பு மட்டும். மூணாவதுலதான் வெங்காயம் வாயைத் திறக்குது." "பாலத்துக்கிட்ட முட்டை. வெந்தது சரி. வெண்ணெய் பழசு. பரிமாறினவர் முகமும்." கேட்டுக்கொண்டே இருக்கலாம். சாப்பிட்ட கை சும்மா இருக்காமல் இப்படி எழுதுவானேன் என்று கேட்டேன். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர்களிடம் சொல்லிவிடலாம், இல்லாததால் எழுதுகிறேன் என்றான். முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. பார்லியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒரு நாள் நேராகவே கேட்டேன், உனக்கு ஏதாவது கோளாறா, இல்லை யாராவது ஏமாற்றிவிட்டுப் போனாளா என்று. கோபிக்கவில்லை. நன்றாக யோசித்தான்.

"ரெண்டும் இல்லம்மா. கல்யாணம்னு நினைச்சா பயமும் வரல, ஆசையும் வரல. வெளியூர்ல யாரோ கட்டுற வீடு மாதிரி இருக்கு. நல்லா கட்டட்டும்னு தோணுது."

நாற்பது வருஷம் ஒரு ஆளுக்குப் பொங்கிப்போட்டு, இப்போது ஒன்பது வருஷமாக எனக்குப் பிடித்ததை மட்டும் சமைத்துச் சாப்பிடுகிறவள் நான். அவன் சொன்னதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அவன் அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றேன்.

அவன் காய்ச்சும் பீர் விசேஷமானது. எல்லோரும் முளைகட்டிக் காயவைத்த பார்லியில் காய்ச்சுவார்கள். இவன் அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, பேக்கரியில் விற்காமல் மிஞ்சிய ரொட்டியைப் போடுவான். துண்டு போட்டு, நன்றாகச் சிவக்க வறுத்து, பார்லியோடு வெந்நீரில் ஊறவைத்து, இறுத்து, ஹாப்ஸ் என்கிற காய்ந்த பச்சைப் பூவைப் போட்டுக் கொதிக்கவிடுவான். கசப்பு அந்தப் பூவிலிருந்து வருகிறது. ஆறினபின் ஈஸ்ட் போட்டுப் பெரிய கேனில் இரண்டு வாரம் மூடி வைப்பான். கேன் மூலையில் உட்கார்ந்து ஜலதோஷம் பிடித்த பிள்ளை மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இவன் போகும்போதும் வரும்போதும் அதன்மேல் காதை வைப்பான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

எனக்கும் அரை தம்ளர் தந்தான். கசந்தது, பின்னாலேயே கருகின ரொட்டி ஓரத்தின் வாசனை வந்தது. எங்கே போயிற்று என்று பார்ப்பதற்காக இன்னொரு வாய் குடித்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காலித் தம்ளரை அவன் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். புகழ்ந்தால் ஆண்பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்.

கடைகளில்தான் பாடு. வருஷம் முழுக்க ஏறி இறங்கினான். பிரிட்ஜைக் கொடுத்ததே பெரிய கம்பெனி, அதற்குள் வேறு பாட்டிலை வைக்கக் கூடாது என்றார்கள். கடைசியில் சந்தைக்குப் பின்னால் ஆறு மேஜை போட்டு நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்காரி மட்டும் காது கொடுத்தாள். காலையில் சந்தையில் என்ன வருகிறதோ அதுதான் அவள் கடையில் மதியச் சாப்பாடு. பிரிட்ஜும் சொந்த பிரிட்ஜ். ஆனால் வாய்தான் கத்தி. "நல்லாருக்குன்னு சொல்றவங்களை நான் நம்பறதில்ல. ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் வைக்கறேன். யாராவது ஒருத்தர் ரெண்டாவது பாட்டில் கேக்கணும். கேட்டா உன் பீருக்கு என் பிரிட்ஜுல இடம். கேக்கலைன்னா தூக்கிட்டுப் போயிடு, என் வாசலுக்கே வராத" என்றாளாம். வருஷம் முடிய ஒரு மாசம்கூட இல்லை. இவனிடம் இருந்தது இரண்டு கேன். முதல் கேனைப் பாட்டிலில் அடைத்தான். இரண்டாவதை ஒரு வாரம் கழித்துக் காய்ச்சியிருந்ததால் அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அடைத்த ஐந்தாம் நாள், மதியம் மூன்று மணி. படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறையில் டமார் என்று ஒரு சத்தம். கேஸ் சிலிண்டர்தான் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன். அடுத்தது, அதற்கடுத்தது. மாடிக்காரன் தலையில் ஹெல்மெட், மேலே குளிர்கோட்டு, கையில் குக்கர் மூடியோடு இறங்கி வந்தான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். பாதி பாட்டில்கள் தூளாகிவிட்டன. மீதியை ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் திறந்தான். உத்தரம் வரைக்கும் நுரை பீய்ச்சியது. வீடு முழுக்க ரொட்டி வாசனை.

சாயங்காலம் வரை கண்ணாடி பொறுக்கினான். அப்புறம்தான் விஷயம் வந்தது. பாட்டிலில் அடைக்கும் முன்னால் கொஞ்சம் சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டுமாம். ஈஸ்ட் அதைத் தின்றுதான் உள்ளே காற்று உண்டாகும். ஊற்றியிருக்கிறான். அக்கா போன். அரை மணி நேரம் பெண் கதை. பேசிக்கொண்டே கைப்பழக்கத்தில் பாகுச் சட்டியைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டான். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சட்டி பளபளவென்று தொங்குகிறது. பாகு காய்ச்சினதற்கு ஒரு பொட்டு அடையாளம் இல்லை. அவ்வளவு பெரிய கேனில் அந்தச் சர்க்கரை நாக்குக்கும் தெரியாது. இன்னும் போடவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் காய்ச்சி ஊற்றியிருக்கிறான். ஊருக்கெல்லாம் சோறு போடுகிற சுத்தம் இவனுக்கு வெடி போட்டது.

"அழுக்குச் சட்டி ஒண்ணு கிடந்திருந்தா தப்பிச்சிருப்பேன்மா. இல்ல, வீட்டுல ஒரு ஆள் இருந்து, 'டேய், இப்பதானடா ஊத்துன'ன்னு சொல்லியிருந்தா" என்றான். தனியாக இருப்பதைப் பற்றி அவன் குறையாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

வேறு ஆளாக இருந்தால் கடைக்காரியிடம் காய்ச்சல், வயிற்றுவலி என்று ஏதாவது அளந்திருப்பான். இவன் மறுநாளே போய் நடந்ததை நடந்தபடி ஒப்பித்திருக்கிறான். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லையாம். இரண்டு தடவை உப்புப் போட்ட குழம்பை அவளும் கொட்டியிருக்கிறாள், அவள் வீட்டில் ஏழு பேர் இருந்தும்கூட. ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளி வைத்தாள். நிபந்தனையை மட்டும் ஒரு இம்மி தளர்த்தவில்லை.

இரண்டாவது கேனை அடைக்கிற அன்று என் கதவைத் தட்டினான்.

"மேல வந்து சும்மா உக்காருங்கம்மா. ஒண்ணும் செய்ய வேணாம். நான் பாகு ஊத்தினதும் 'ஊத்தியாச்சு'ன்னு சொன்னா போதும்."

"இதுக்குத்தான்டா உலகத்துல பொண்டாட்டின்னு ஒருத்தியை வச்சிருக்காங்க."

"இதுக்கு மட்டும்னா ஒருத்தியைக் கூட்டிட்டு வர்றது பாவம்மா" என்றான்.

போய் உட்கார்ந்தேன். போனை அணைத்து வைத்தான். பாகைக் காய்ச்சி, ஆறவிட்டு, ஊற்றினான். ஊற்றியாச்சு என்றேன். தலையை ஆட்டினான். சட்டியைக் கழுவி மாட்டினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, "ஊத்திட்டேன்லம்மா?" என்றான். ஊத்திட்டடா என்றேன். அடைத்து முடிப்பதற்குள் நாலு தடவை கேட்டான். நாலு தடவையும் சொன்னேன். சந்தேகத்துக்கு மருந்தே கிடையாது, ஆள்தான் உண்டு.

கடைக்காரி தள்ளி வைத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் போனேன். வயிற்றுப் பசி இல்லை, என்ன ஆகிறது என்று பார்க்கிற பசி. அன்று மீனும் உருளைக்கிழங்கும். மாடிக்காரன் சமையல்கட்டு வாசலில் சுவரோடு சுவராக நின்றான். பார்லி கடிக்கவில்லை. ஒரு புருஷன் பெண்டாட்டி ஒரே பாட்டிலைப் பகிர்ந்து பாதியை வைத்துவிட்டுப் போனார்கள். சின்னப் பெண் ஒருத்தி கசக்கிறது என்று முகம் சுளித்தாள். இன்னும் இரண்டு பேர் குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், வாயைத் துடைத்தார்கள், எழுந்து போனார்கள். கடைக்காரி அவனைத் திரும்பிப் பார்க்காமலே தட்டுகளை எடுத்தாள். மணி இரண்டு ஆகப் போகிறது.

மூலை மேஜையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இருந்தார். மகள் கல்யாணத்தையே பரவாயில்லை என்று சொன்ன மனுஷர். மீனை முள் முள்ளாகப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, நடுநடுவே குடித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு பாட்டிலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிச் சமையல்கட்டைப் பார்த்து ஆட்டினார்.

"என்னங்க, ஏதாச்சும் குறையா?" என்றாள் கடைக்காரி.

"குறையா? காலியாயிடுச்சு. மீன் பாதி கிடக்கு, இன்னொண்ணு குடும்மா."

அவள் புது கிளாஸும் பாட்டிலும் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து பிரிட்ஜைத் திறந்து, கீழ்த்தட்டில் இருந்த எலுமிச்சைச் சாறு பாட்டில்களை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளினாள். இவன் அதைப் பார்க்கவே இல்லை. நேராக மூலை மேஜைக்குப் போய் அவர் குடித்து முடித்த கிளாஸை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கண்ணாடியின் உட்புறத்தில் நுரை வளையம் வளையமாக ஒட்டியிருந்தது, ஒன்றின் கீழ் ஒன்றாக. நுரை சரியாக அமைந்தால் குடித்த ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வளையம் நிற்குமாம். விரலால் தொடாமல் எண்ணினான். "அஞ்சு வாய்ம்மா" என்றான் என்னிடம், மெதுவாக.

பாத்திரம் கழுவுகிறவள் ஈரக் கையை நீட்டினாள். அவன் கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.