யானை நெருஞ்சிக்காகக் கருவேப்பிலங்குறிச்சி போனது

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு பஸ் போர்டு படிக்க வராது. எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிடும். தொண்ணூறுகளோட ஆரம்பத்துல, ஒரு ஆவணி மாசம், கருவேப்பிலங்குறிச்சிக்குப் போக வேண்டியவ பெண்ணாடம் பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். கண்டக்டர் வழியில இறக்கிவிட்டாரு. திரும்ப விருத்தாசலத்துக்கே வந்து, கேட்டுக் கேட்டு ஏறினேன்.

அவசரம் எனக்கு. செராமிக் கம்பெனியில சூளை எரிக்கிற எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு நாளா நீர்க்கடுப்பு, சொட்டுச் சொட்டாத்தான் போவுது. டாக்டர் ஊசி போட்டு, "காலைக்குள்ள சரியாவலன்னா கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க"ன்னுட்டாரு. யானை நெருஞ்சி குடுக்கலாமான்னு கேட்டேன். "குடுங்க. ஆனா காலையில வராம இருந்துடாதீங்க." நெருப்புக்கு அஞ்சாத மனுஷன், கடலூர்னதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. எப்பவும் அவரை வம்புக்கு இழுக்கிற நான் அன்னிக்குப் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன்.

பஸ்ஸுல அரை மணி நேரம். இறங்கி வெள்ளாத்துப் பக்கம் நடந்தேன். நிழலே இல்லாத மணல் தரிசு. மஞ்சப் பூவைப் பார்த்ததும் "யானை நெருஞ்சி"ன்னு குனிஞ்சு பறிச்சேன்.

"அது சின்ன நெருஞ்சிக்கா," ஆடு மேய்ச்சிட்டிருந்த பொண்ணு சொல்லிச்சு. "பெருசு அந்த மேட்டுல இருக்குது. யாருக்கு?"

"வூட்டுக்காரருக்கு."

"எங்க ஆடே வாய் வைக்காது. அவரு குடிப்பாரா?"

"இன்னிக்கு மட்டும் நான் சொன்னதைக் கேப்பாரு."

மேட்டுல இருந்துது. சதைப்பத்தான இலை, குழல் மாதிரி மஞ்சப் பூ, நாலு முள்ளு வச்ச காய். மழை பேஞ்சா முளைச்சு, பூத்து, காயை உதுத்துட்டுக் காஞ்சு போயிடுற செடி. ஒரு கை பிடுங்கி ஈரத்துணியில சுத்திக்கிட்டேன். வழியெல்லாம் வாடிடுமோ வாடிடுமோன்னு ஈரத்துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வூட்டுல சொம்புத் தண்ணியில பாதிச் செடியை விட்டுக் கலக்கினேன். முட்டை வெள்ளைக்கரு மாதிரி கெட்டியாச்சு. கால் கழுவிட்டு வந்தா சொம்பு காலி. வாசல்ல களிமண் யானை பொம்மைக்குக் காது ஒட்டிட்டிருந்த நாத்தனா, "அண்ணி, அண்ணன் கம்பெனியிலேருந்து கொண்டாந்து சொம்புல வச்ச பசை நல்லா வழவழன்னு இருக்குது"ன்னா.

நல்லவேளை, மீதிச் செடி வாடல. திரும்பக் கலக்கினேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு சொம்பு குடிச்சாரு. நான் கொல்லைக் கதவுகிட்டயே நின்னேன். விளக்கு வைக்கிற நேரத்துல அவரு எழுந்து போனாரு. நெடுநேரம் தண்ணி விழுற சத்தம் கேட்டுது. அங்கேயே உக்காந்துட்டேன்.

ஊசியா, செடியான்னு எனக்குத் தெரியாது. டாக்டரை விட்டுடாதீங்க. மழைக்கப்புறம் போங்க, செருப்புப் போட்டுக்குங்க, செடியைப் பச்சையாக் கொண்டாங்க, சொம்பை மூடி வைங்க.

காலையில டாக்டர்கிட்டக் கிளம்புறப்போ வாசல்ல பார்த்தோம். யானைங்க வரிசையா நின்னுச்சு. காதெல்லாம் கீழ கிடந்துது.