கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

கோச்சடையில் தகரக் கூரை போட்ட சின்னக் கிறிஸ்தவச் சபை எங்களுடையது. ஞாயிறு காலையில் முதலில் பிள்ளைகளுக்கும், அடுத்துப் பெரியவர்களுக்கும் நான்தான் வகுப்பெடுத்தேன். இரண்டுக்கும் ஒரே பாடம்: மனசுக்குள் பேசுகிற பரிசுத்த ஆவியானவர் நடத்துகிறபடி நடப்பது. பிள்ளைகள் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். இந்த வாரம் ஆவியானவர் என்ன செய்யச் சொன்னார், அதைச் செய்தேனா என்று ஒவ்வொருவரும் எழுந்து, கைகட்டிச் சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் நோட்டில் ஒரு ஸ்டார். சொல்லாவிட்டால் என் வாயில் விழ வேண்டியதுதான். எனக்குப் பொறுமை கம்மி.

ஒரு தாயும் ஒன்பது வயது மகளும் ஸ்கூட்டியில் வருவார்கள். வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகிறவர்; இவர்கள் சபைக்கு வருவது அவருக்குத் தெரியாது. காளவாசலுக்குக் காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். திரும்பும்போது நிஜமாகவே காயும் வாங்கிக்கொண்டுதான் போவாள். சபை வாசலில் வண்டியை நிறுத்தியதும் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டுவாள்; கிளம்பும்போது மறுபடி நெற்றிக்கு. பொட்டை எடு என்று நாங்கள் யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஆனால் பார்க்கிற பார்வையிலேயே சொல்லியிருப்போம்.

"வீட்ல எப்பக்கா சொல்றது? மனசு அடிச்சுக்கிருது" என்று ஒருநாள் பெரியவர்கள் வகுப்பில் கேட்டாள்.

"அவசரப்படாத. நேரம் வரும்போது ஆவியானவரே வழி காட்டுவாரு" என்றேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கும் நல்லபடியாகச் சொல்லிவிட்டோம் என்று பெருமை.

அதே மாதம்தான் பிள்ளைகளுக்கு உண்மை பேசுவதைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அந்தச் சிறுமி மூன்று வாரமாகச் சாட்சி சொல்லாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு ஒளித்து வருகிற பிள்ளை உண்மையைப் பற்றி என்ன சாட்சி சொல்லும் என்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் வாயை அடக்கவில்லை என்பதுதான் நிஜம்.

"ஒங்கிட்ட மட்டும் ஆவியானவர் பேச மாட்டாரா? இல்ல, லீவுல போயிட்டாரா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் காது சிவந்துபோனது. "உண்மையச் சொல்லுன்னு உள்ள ஒரு சத்தம் கேட்டா உடனே சொல்லிறணும். அம்மாகிட்டகூடக் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது" என்று அதற்கு மேலும் ஒரு போடு போட்டேன்.

அடுத்த ஞாயிறு இருவரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் காளவாசல் பஸ் ஸ்டாப்பில் பள்ளிச் சீருடையில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். பையைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் நிற்பது போலக் கைகட்டி நின்றாள்.

"அன்னைக்குத் திரும்பி வர்றப்ப அம்மா பொட்ட எடுத்து நெத்தில வைக்க மறந்துட்டாங்க டீச்சர். கண்ணாடில எதுக்குப் பொட்டு ஒட்டிருக்குன்னு அப்பா கேட்டாரு. ஹெல்மெட்ல உரசுதுன்னு அம்மா சொன்னாங்க. அது பொய்தான? ஆவியானவர் சொல்லச் சொன்னாரு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அப்பா அடிச்சாரா?"

"இல்ல. வண்டிச் சாவிய வாங்கி வச்சுக்கிட்டாரு. பெரியப்பா வீட்ல எல்லாரும் வந்து பேசுனாங்க. அம்மா அடுப்படிலயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. இப்ப எங்கேயும் போறதில்ல."

தாய்க்குச் 'சொல்லாதே' என்றதும், மகளுக்குச் 'சொல்லு' என்றதும் இதே வாய்தான். அந்த நடு ரோட்டில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. நான் படியேறினால் அவளுக்கு இன்னொரு சண்டை.

"நீ தப்பு செய்யல கண்ணு. டீச்சர்தான் தப்பு செஞ்சேன்" என்றேன். அது அவள் காதில் ஏறவே இல்லை. அவளுக்கு என்னிடம் கேட்க வேறொன்று இருந்தது.

"அம்மா எங்கூடப் பேசி இருவது நாளாச்சு டீச்சர். சோறு வைக்கிறாங்க, தலை பின்னி விடுறாங்க, பேச மாட்டேங்கிறாங்க. எங்கூடப் பேசச் சொல்லி ஆவியானவர் அம்மாகிட்டச் சொல்லலியா?"

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. நான் பதில் சொல்வேன் என்று கைகட்டியபடியே நின்றிருந்தாள்.