சென்னம்மாள் எழுதச் சொன்ன முழு விலை

சென்னம்மாள் பள்ளிபாளையத்துக்காரர். பதினெட்டு வருஷம் விசைத்தறிப் பட்டறையில் நூல் கோன் சுற்றினார். அதை விட்டபின் பதினொரு வருஷமாக ஆந்திராவில், அனந்தபூர் பக்கம் ஒரு சின்ன ஊரில், தவணைக்குத் துணி விற்கிறார். லுங்கி, துண்டு, படுக்கைவிரிப்பு பள்ளிபாளையத்திலிருந்து போகும். நைட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஈரோட்டுச் சந்தையிலிருந்து போகும். புருஷன் மருதாசலம் மொபெட்டில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார். வசூலும் கணக்கும் சென்னம்மாள். தெலுங்கு தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டால், "கடன் வாங்கறவங்களுக்கு நம்ம பாஷை தானா வந்துருமுங்க" என்பார்.

முதல் ஐந்து வருஷம் அவரும் தலையில் மூட்டை வைத்துத் தெருத்தெருவாக நடந்தார். முழங்கால் போயிற்று. பிறகு மெயின் ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து முன் அறையில் கடை போட்டார். பின்னால் இரண்டு அறையும் சமையல்கட்டும். அந்த முன் அறைதான் அவருக்குச் சோறு.

போன வருஷம் வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர், மகனோடு ஐதராபாத்தில் இருக்கப்போகிறார். விலை இருபத்தெட்டு லட்சம். எதிரில் இருந்த மருந்துக்கடைக்காரர் ரொக்கத்தோடு தயாராக நின்றார். குடியிருப்பவர் என்ற மரியாதைக்காக வீட்டுக்காரர் சென்னம்மாளிடம் முதலில் கேட்டார். இரண்டு லட்சம் முன்பணம், நாற்பத்தைந்து நாளில் கிரயம். தவறினால் முன்பணமும் போகும், வீடும் போகும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. வீடு போனால் மறுபடி மூட்டைதான் என்பது சென்னம்மாளுக்குத் தெரியும். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இருபது லட்சம் பேங்கில் கடன். மீதி எட்டு லட்சம் கையில் இருந்தது. அதற்கு மேல் பத்திரச் செலவுக்கென்று தனியாக இரண்டரை லட்சம் சேர்த்து வைத்திருந்தார். வீட்டு விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திர ஆபீஸ் வாசலில் முழிக்கிற ஆள் இல்லை அவர். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதினார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து அங்கே நூற்றுக்கு ஏழரை என்று பத்திரம் எழுதுபவர் சொன்னார். நம் பக்கத்தைவிடக் குறைவு. பள்ளிபாளையத்தில் தறி மெக்கானிக்காக இருக்கும் அண்ணன் வெள்ளியங்கிரியிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்தார். "ஏழரைன்னா அது சனியாச்சே அம்மிணி. பாத்து நட" என்றார்.

வெள்ளியங்கிரி சும்மாதான் சொன்னார். ஆனால் தப்பு தாளில் அந்த ஏழரை எழுதிய வரியில்தான் இருந்தது.

நம் பக்கத்தில் நிலத்துக்கு இரண்டு விலை. கைக்கு ஒன்று, பத்திரத்துக்கு ஒன்று. எவ்வளவுக்கு முடிச்சீங்க என்று கேட்ட கையோடு எவ்வளவுக்கு எழுதறீங்க என்றும் கேட்போம். இதில் நமக்கு வெட்கம் கிடையாது. வெட்கப்படாததுதான் வியாதி. சென்னம்மாளும் அதே பழக்கத்தில் அரசாங்க வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்று விசாரித்தார். பதினாலு லட்சம். ஏழரை சதவீதத்தை அந்தப் பதினாலுக்குப் போட்டார். ஒரு லட்சத்து ஐயாயிரம். மற்ற செலவுகளையும் கூட்டினால் இரண்டு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரம். கையில் இரண்டரை. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று தாளை மடித்து வைத்தார்.

முப்பத்தாறாம் நாள் பேங்கிலிருந்து கடிதம் வந்தது. கடன் தருகிறோம், ஆனால் பத்திரத்தில் முழு விலை இருபத்தெட்டு லட்சமும் இருக்க வேண்டும். அப்படியானால் ஏழரையும் இருபத்தெட்டுக்குத்தான். தீர்வை இரட்டிப்பாகி, ஒரு லட்சத்துச் சொச்சம் துண்டு விழுந்தது. நாள் ஒன்பதுதான் பாக்கி.

வீட்டைப் பேசி முடித்த தரகர் சந்தோஷ்குமார் நம் ஊர்ப் பையன்தான். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வந்து அங்கேயே தங்கியவர். அவரிடம் உடனே ஒரு வழி இருந்தது. பேங்கை விட்டுவிடலாம், தெரிந்த பைனான்சில் இருபது லட்சம் வாங்கித் தருகிறேன், பத்திரத்தைப் பதினாலுக்கு எழுதிக்கொள்ளலாம் என்றார். வட்டி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

"நம்மாளுக எல்லாம் பண்றதுதானுங்க்கா. நீங்க மட்டும் என்ன புதுசா" என்றார்.

வெள்ளியங்கிரியும் போனில் அதையே சொன்னார். ஒன்பது நாளில் லட்ச ரூபாய்க்கு எங்கே போவாய், அந்தப் பையன் சொல்வதைக் கேள் என்றார். சென்னம்மாள் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பேசினார்.

"பட்டறையில எம்பட கூலி எவ்வளவுன்னு உனக்குத் தெரியும்ணா. நோட்டுல எவ்வளவு எழுதியிருந்தாங்கன்னும் தெரியும். வெரலு போனப்ப எந்தக் கணக்குல குடுத்தாங்க?"

அண்ணன் "நோட்டுக் கணக்குலதான்" என்றார்.

"அப்பறம் என்ன."

விஷயம் இதுதான். சென்னம்மாளின் வலது கையில் இரண்டு விரல் கிடையாது. சுற்றும் மெஷினில் போனது. பட்டறையில் கைக்கு ஒரு கூலி, நோட்டில் அதில் பாதி. நோட்டில் குறைத்து எழுதினால் பிடித்தமும் குறையும் என்று முதலாளி சொன்னார். தொழிலாளியும் சரி என்றார். நஷ்டஈடு என்று வந்தபோது நோட்டுதான் பேசியது. சங்கம் வாதாடிப் பார்த்தது, நடக்கவில்லை. அந்த நோட்டில் சென்னம்மாளின் கையெழுத்தே இருந்தது. அதே ஆள், அதே புத்தியோடு வீட்டுச் செலவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். பழக்கம் அவ்வளவு ஆழம் போகும். கடிதம் வந்த பிறகாவது அவருக்கு உறைத்தது. நாளைக்கு ரோடு அகலப்படுத்துகிறோம் என்று அந்த முன் அறையை எடுத்தால், எழுதிய விலையைக் காட்டித்தான் பேச முடியும்.

காலண்டர் தாளை மறுபடி எடுத்தார். மற்ற வரிகள் ஒவ்வொன்றும் யாருடைய செலவு, ரசீது உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்.

கடனுக்குக் காப்பீடு நாற்பத்தாறாயிரம் என்று ஒரு வரி. பேங்கில் போய் இது கட்டாயமா, கட்டாயம் என்றால் எழுத்தில் கொடுங்கள் என்றார். எழுத்தில் கொடுக்க அங்கே ஆள் இல்லை. அந்த வரி போயிற்று. பத்திரம் எழுதுபவர் தன் கூலி பன்னிரண்டாயிரம் போக, இதர செலவு பதினைந்தாயிரம் என்று போட்டிருந்தார். இதரம் என்றால் எது எது என்று சென்னம்மாள் கேட்டார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதுவும் போயிற்று.

வீட்டு வரி பாக்கி பத்தொன்பதாயிரத்துக்குத்தான் சண்டை வந்தது. குடியிருந்தது நீங்கள்தானே என்றார் வீட்டுக்காரர். ஐந்து வருஷ வாடகையும் மாசம் தவறாமல் தந்தேன், வரி வீட்டுக்குச் சொந்தக்காரர் கட்டுவது, வரி ரசீது இல்லாமல் நீங்கள் யாருக்கும் விற்க முடியாது என்று சென்னம்மாள் பாதித் தெலுங்கில் சொன்னார். கண்டக்டர் வேலை பார்த்த மனுஷர், ரசீது என்ற வார்த்தைக்குக் கட்டுப்பட்டார். மறுநாள் கட்டிவிட்டு வந்தார்.

எண்பதாயிரம் குறைந்தது. பேங்க் கட்டணம், எழுத்துக் கூலி, தரகு, முழுத் தீர்வை எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து எழுபத்துநாலாயிரம் நின்றது. இன்னும் இருபத்துநாலாயிரம் துண்டு. வெள்ளியங்கிரி தானே அனுப்புவதாகச் சொன்னார்.

"உன்ற காசு வேண்டாம்ணா. சரக்கத் திருப்பி அனுப்பறேன், வாங்கின பட்டறையிலயே குடுத்து ரூவா வாங்கிப் போடு."

"கடையில என்னத்த வெச்சு விப்பே?"

"கடை இருந்தாத்தானே விக்கறதுக்கு."

பிரிக்காமல் இருந்த படுக்கைவிரிப்புக் கட்டுகள் அன்றைக்கே நாமக்கல் லாரி ஒன்றில் ஏறின. பட்டறைக்காரர் வாங்கிய விலைக்கே எடுத்துக்கொண்டார். வெள்ளியங்கிரி பணத்தைப் போட்டுவிட்டுப் பிடிவாதக்காரி என்று திட்டி முடித்தார்.

நாற்பத்துநாலாம் நாள் பதிவு. பத்திரத்தைத் தெலுங்கில் படித்தார்கள். சென்னம்மாளுக்குப் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. விலை எழுதிய இடத்தில் விரலை வைத்துக் காட்டச் சொன்னார். எண்ணில் இருந்ததை அவரே படித்தார். எழுத்தில் இருந்ததை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பத்திரம் எழுதுபவர் முனகினார். சென்னம்மாள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஊடு எம்பேருக்கு வந்துருச்சுண்ணா. இருபத்தெட்டுக்கே எழுதியாச்சு."

கடை எப்போது திறக்கிறாய், நல்ல நாள் ஏதாவது பார்க்கச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டார். இன்றைக்குச் சாயங்காலமே என்றார் சென்னம்மாள். அலமாரியில் பதினாலு நைட்டியும் ஒரு அடுக்குத் துண்டும்தான் இருந்தன. நாலரை மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டார்.