கரண்டு போனால் மேலேதான்

முதுகு போன கணவரோடு குடிவருகிற ஒருத்தி, படியே ஏறத் தேவையில்லாத கீழ்த்தள அறையை விட்டுவிட்டு மொட்டை மாடி அறையை ஏன் கேட்டு வாங்க வேண்டும்? எங்கள் குடியிருப்பில் இந்தக் கேள்வி கொஞ்ச காலம் உலவியது. கேள்விக்கு உரியவரோ மூன்றாம் மாடியில் லிஃப்ட்டின் மடக்குக் கம்பிக்கதவில் காதை வைத்து, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

லிஃப்ட்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். நாற்பதைத் தாண்டியவர். பெரிய பைகள் வைத்துத் தைத்த சட்டை. அதில் ஒரு பக்கம் திருப்புளி, மறு பக்கம் கடித்து வைத்த பிஸ்கட். எங்கள் லிஃப்ட்டோடு அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளும் அவர் பொறுப்பு. "தோ, வந்துட்டேன்" என்றால் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார் என்று பொருள். அவர் கை பட்ட சுவரில் கிரீஸ் தடம் இருக்கும். துடைக்கச் சொன்னால், "இருக்கட்டும் சார், நான் வரலேன்னு நாளைக்கு யாரும் சொல்ல முடியாதுல்ல" என்பார்.

லிஃப்ட்டைச் சோதிக்க வந்தால் அதில் ஏற மாட்டார். அதை ஓடவிட்டு, தான் படியில் ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று கேட்பார். கடைசியில் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் போய், மோட்டாரின் மேல் புறங்கையை வைப்பார்.

"உள்ளங்கை காய்ச்சுப் போச்சு சார், அது பொய் சொல்லும். புறங்கைக்குத்தான் சூடு தெரியும்."

சூட்டையும் சத்தத்தையும் ஏன் இப்படித் துரத்துகிறார் என்று ஒருமுறை கேட்டேன். "கரண்டு வர்றது பெட்டியைத் தூக்க. ஆனா அது வீடு, வேலைன்னு ஒழுங்கா இருக்கிற ஆளா? கொஞ்சம் சூடாப் போகும், கொஞ்சம் சத்தமாப் போகும், கொஞ்சம் பொறியாப் பறக்கும். காணாமப் போகாது சார். வேஷம் மாத்திக்கிட்டு வேற தெருவுல சுத்தும்."

எதுவும் அழிவதில்லை, உருமாறுகிறது என்ற வாக்கியத்தைப் புத்தகங்களில் காணும்போதெல்லாம், அதில் ஆறுதல் சற்று மலிவாகக் கிடைப்பதாக எனக்குத் தோன்றும். அழிந்துபோனதாக நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். லிஃப்ட்காரம்மாவின் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார்.

கணவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். "அப்பல்லாம் இவரு சாப்பிடறதைப் பார்த்தா பக்கத்துல உக்கார பயமா இருக்கும். தட்டுல இருந்தது அத்தனையும் சாயங்காலத்துக்குள்ள லாரியில ஏறியிருக்கும்" என்று அந்த அம்மாள் சொல்வார். லாரிக்கும் தரைக்கும் நடுவே போட்ட பலகையில் ஒருநாள் கால் வழுக்கியது. இனி கனம் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். கணவர் அதை, இனி எதையும் தொடக் கூடாது என்று எடுத்துக்கொண்டார். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்காருவார். டீ ஆறிவிட்டது என்று கத்துவார்.

மாலையில் படிப்பதற்காக நான் மொட்டை மாடிக்குப் போவதுண்டு. அவர்கள் சண்டை காதில் விழாமல் இருக்காது.

"கத்துறீங்கல்ல, அது சத்தமாப் போகுது. மிச்சம் உடம்புல சூடா நிக்குது. ரெண்டுல ஒண்ணாவது வேலைக்கு ஆகுதா?"

"உன் வாய்க்கு ஒரு பிரேக் வாங்கி மாட்டு முதல்ல."

"வாங்கி வச்சிருக்கேன். மாட்ட ஆள் இல்ல. எந்திரிச்சு வாங்க."

அறை ஒதுக்கியபோது எங்கள் சங்கச் செயலாளரும் வாதாடித்தான் பார்த்தார். "கீழ் ரூம் தர்றோம்னா வேணாங்கிற. அந்த மனுஷன் எப்படிம்மா ஏறி இறங்குவாரு?"

"லிஃப்ட் இருக்கே சார்."

"கரண்டு போனா?"

"போனா வீட்டுக்கு வந்துடுவாரு."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் எனக்கு விளங்கியது. பெட்டியைத் தாங்கும் கயிற்றின் மறுமுனையில் இரும்புக் கட்டிகளை அடுக்கிய ஓர் எதிரெடை தொங்குகிறது. காலிப் பெட்டியை விட, ஒற்றை ஆள் நிற்கும் பெட்டியை விடவும், அது கனம். மின்சாரம் இல்லாத நேரத்தில் பிரேக்கைக் கையால் விலக்கினால் எதிரெடை இறங்கும்; பெட்டி தானாக ஏறும். "மேல நிக்கிற வரைக்கும் அந்த எடை சும்மா நிக்கிற மாதிரிதான் தெரியும்" என்ற லிஃப்ட்காரம்மா, அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "சும்மாவா நிக்குது?" என்றார்.

மோட்டார் அறையில் வேலை செய்யும்போது கணவரை வற்புறுத்தி அழைத்துப்போய் விளக்குப் பிடிக்க வைப்பார். பிரேக் நெம்புகோலைக் காட்டி, "மெயின் சுவிட்சை இறக்கணும், இதை லேசா விலக்கணும், உடனே விட்டுடணும், மறுபடி விலக்கணும். கயித்துல மஞ்சக் கோடு இந்த இரும்புக்கு நேரா வந்தா ஒரு மாடி. பிடிச்சுப் பாருங்களேன்" என்றார் ஒருநாள்.

"இதுல என்ன பலம் வேண்டிக் கிடக்கு? கோழி கூட இழுக்கும்" என்றார் கணவர். ஆனால் தொடவில்லை. பிறகு குரல் இறங்கி, "நான் பிடிச்சிருக்கும்போது உள்ள ஆள் இருந்து, பெட்டி பறந்துபோய் மேல முட்டினா? பலகையில கால் வைக்கத் தெரியாதவன்கிட்ட ஆளை ஒப்படைக்கிறியா நீ?" என்றார்.

வாய் ஓயாத அந்த அம்மாள் விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சென்ற மாதம் ஒரு பகலில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, நான் ஏறியிருந்த லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. நான்காம் மாடியின் தரை என் கண்ணுக்கு நேராக ஒரு கோடாகத் தெரிந்தது. லிஃப்ட்காரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"தனியாவா சார் இருக்கீங்க?"

"தனியாத்தான்."

"நல்லதாப் போச்சு. ஆனா மேலதான் வருவீங்க. பரவாயில்லையா?"

எங்கே வேண்டுமானாலும் சரி என்றேன். அதிசயமாக, சற்று நேரத்திலேயே அவர் வந்துவிட்டார். எண்ணெய் ஊறிய அவருடைய செருப்புகள் என் கண்ணெதிரே தரைக்கோட்டைக் கடந்து படியேறின. நேரே மோட்டார் அறைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஐந்தாம் மாடியில் காலடிச் சத்தம் நின்றது. மொட்டை மாடிக்கு அங்கிருந்து அதிக தூரமில்லை. பிறகு அவர் கணவரிடம் போனில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"என்னங்க, நம்ம லிஃப்ட்ல சார் மாட்டிக்கிட்டாராம். நான் ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு நிக்கிறேன், இப்போதைக்கு வர முடியாது. நீங்க போங்க… எனக்குத் தெரியும். போங்கன்னா போங்க. மெயினை இறக்கினீங்களா? கைக்கு எட்டற மாதிரி நில்லுங்க. தூக்க வேண்டாம், அது தானா வரும். நீங்க விட்டு விட்டுப் பிடிச்சாப் போதும்."

நீண்ட நேரம் எதுவும் நடக்கவில்லை. மேலே ஒருவர் முடிவெடுக்க முடியாமல் நிற்பதை அந்த இருட்டில் என்னால் உணர முடிந்தது. எனக்குப் பயமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பிறகு பெட்டி அசைந்தது. மோட்டார் இரையவில்லை. தரைக்கோடு மெல்லக் கீழே இறங்கி என் இடுப்புக்கு வந்தது, நின்றது. மறுபடி அசைந்தது. ஓரிடத்தில் வேகம் சட்டென்று கூடியது, உடனே பிடிபட்டது. ஐந்தாம் மாடியைக் கடந்தபோது கம்பிக்கதவுக்கு அப்பால், ஜன்னல் வெளிச்சத்தில், லிஃப்ட்காரம்மா படியில் உட்கார்ந்திருந்தார். கருவிப் பை மடியில், போன் காதில். மறு கையின் புறங்கையைக் கதவுச் சட்டத்தில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தக் கையை எடுத்து, உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். நான் சத்தமில்லாமல் அவரைத் தாண்டி மேலே போனேன்.

கடைசி மாடியில் தரையும் பெட்டியும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கணவர் படியிறங்கி வந்து கதவை மடக்கினார். சட்டை முழுக்க வியர்வை.

"ஆடிச்சா சார்?"

"இல்ல."

"ஒரு இடத்துல கொஞ்சம் கூட விட்டுட்டேன். தெரிஞ்சுதா?"

"தெரியலையே."

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அவ ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கைய வச்சிட்டாளாம், வர முடியாதாம். அதான் நானே பார்த்துட்டேன்."

"அப்படியா" என்றேன்.

படியில் இறங்கினேன். ஐந்தாம் மாடியில் யாரும் இல்லை. சுவரில் ஈரம் காயாத கிரீஸ் தடம் மட்டும் இருந்தது. ஏன் அப்படிச் செய்தார் என்று பின்னர் நான் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். கருவிகள் ஓசைப்படாதபடி பையை மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்ட்காரம்மா வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மரத்தடியில் நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையைத் தோளில் மாட்டி, அது கடகடவென்று சத்தம் போட, வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்து, மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"என்னங்க, என்ன ஆச்சு?"