பின்வரிசையில் ஒரு தாமதம்

அந்த ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவளுக்குப் பாடகர் குழு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஆர்கன் முன் உட்கார்ந்தவள், தலை நரைத்தும் எழுந்திருக்கவில்லை. குழுவை நடத்தும் பொறுப்பும் இடையில் அவள் தலையில்தான் விழுந்தது.

ஆர்கனின் குழாய்கள் ஆலயத்தின் மறுகோடி மாடத்தில் இருந்தன, பாடகர்களும் அங்கேதான். ஆலயத்தின் முன்புறம் உட்கார்ந்து அவள் விரல்கட்டையை அழுத்தினால் ஒலி ஒரு கணம் தாமதமாகத்தான் வந்து சேரும். காதை நம்பினால் பாட்டு நொண்டியடிக்கும். அதனால் எதையும் காதில் வாங்காமல் முந்தி வாசிக்கப் பழகினாள். எதிரே மாட்டிய கண்ணாடியில் பாடகர்களைப் பார்த்துத் தலையாட்டுவாள், அவர்கள் தொடங்குவார்கள்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கணவர் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். உட்கார்ந்தாலும் கால் சும்மா இராது, மேசைக்கடியில் ஆர்கனின் கால்பெடலைத் தேடும். அவரோ ஆடி அசைந்து வருகிற ஆள். குழுவின் பின்வரிசையில் அடிக்குரல் பாடுபவர். மற்றவர்கள் முடித்த வரியை அவர் மென்று விழுங்கித்தான் முடிப்பார். அவர் திட்டு வாங்காத ஒத்திகையே கிடையாது.

இந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்த போதகர், பதிவு செய்த இசையே போதுமே என்று சபைக்குழுவில் பேச்சை எடுத்தார். வரும் ஞாயிறு ஆர்கனையும் பாட்டையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. அவளுக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. பாட்டில் பிசிறு தட்டக்கூடாது என்று முதல் வேலையாகக் கணவரைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கினாள். அவர் சரி என்று ஒதுங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை ஒத்திகையில் பாட்டு தலைதெறிக்க ஓடியது. அவள் முந்த, குழுவும் முந்த, பெண்கள் மூச்சு வாங்கி நடுவழியில் நின்றுவிட்டார்கள். மறுபடி வாசித்தாள், இன்னும் மோசம். யாரையும் கேட்காமல் வாசிப்பதாகத்தான் இத்தனை காலம் பீற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் பின்வரிசையின் அந்த அடிக்குரலை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அது இழுத்துப் பிடித்ததால்தான் பாட்டு நின்று நடந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

வீட்டில் அவர் அவளுடைய அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பாட வாங்க."

"நான் லேட்டாத்தானே பாடுவேன்."

"அதைக் கேட்டுத்தான் நான் வாசிக்கிறேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவருடைய பதிலையும் தானே சொல்லிவிட அவளுக்கு நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் கைப்பகுதியை மடித்து, திருப்பி, மறுபடி தேய்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஞாயிறு மணி அடித்து ஓய்ந்தது. கண்ணாடியில் பின்வரிசை ஓரம் காலியாக இருந்தது. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சபைக்குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொடங்காவிட்டால் வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். கைகள் கட்டைகள் மேல் பரபரத்தன. அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாடப்படியில் அவர் தலை தெரிந்தது. அவசரமே இல்லை. இடத்துக்கு வந்து, புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைத் தேடி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அதன் பிறகுதான் அவள் தலையாட்டினாள்.